நிறுத்துன்னா நிக்குமா? - ஓடுற குவெரியை நிறுத்தக் கத்துக்கிட்ட கதை

கொஞ்ச நாளா ஆணி அதிகம் மக்கா, அதான் இந்தப் பக்கமே தலை காட்ட முடியலை. அந்த ஆணியில இருந்து முளைச்சதுதான் இன்னிக்குப் பதிவு. நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டுறவங்க, அவங்களுக்குச் சுலபமா புரிஞ்சிடும். மீதிப் பேருக்கும் புரியுற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். புரியலைன்னா பின்னூட்டத்துல வந்து கும்முங்க :-)

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி.

சில வருஷத்துக்கு முன்னாடி வேலை பார்த்த ஒரு இடம். மாசக் கடைசி, சாயங்கால நேரம். அவசரமா ஒரு ரிப்போர்ட் வேணும்னு கேட்டாங்க. ரெண்டு டேபிளைச் சேர்த்து ஒரு குவெரி எழுதினேன். எதை வச்சு சேர்க்கணும்ங்கிற நிபந்தனையை மட்டும் எழுத மறந்துட்டேன். ரன் கொடுத்தா சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. எங்கயோ மாட்டிக்கிச்சு போலன்னு ஜன்னலை மூடிட்டு, புதுசாத் திறந்து, திரும்ப ரன். இப்படியே நாலு தடவை. அதுக்குள்ள பில் போடுற கவுண்டர்கள்ல இருந்து போன் மேல போன். சிஸ்டம் நகரவே மாட்டேங்குது, சனம் வரிசையில நிக்குதுன்னு.

எங்க டேட்டாபேஸைப் பார்த்துக்கிற அண்ணன் வந்து பார்த்தார். "தம்பி, உன் பேர்ல நாலு குவெரி ஓடுதே?"

"இல்லைண்ணே, எல்லாத்தையும் மூடிட்டேனே."

"நீ மூடினது உன் ஜன்னலை. அது அங்க ஓடிக்கிட்டுதான் இருக்கு."

அவர் கவுண்டர் ஆளுங்களுக்கு போன்ல சமாதானம் சொல்லப் போனார். அந்த ரெண்டு நிமிஷத்துல, நமக்கும் லினக்ஸ் தெரியும்ங்கிற தெனாவெட்டுல, சர்வருக்குள்ள போய் நாலு ப்ராசஸுக்கும் 'கில் -9' அடிச்சேன். நாலும் செத்துச்சு. கூடவே அத்தனை கவுண்டரோட கனெக்ஷனும் செத்துச்சு. அவ்வ்வ்வ்.

திட்டு வாங்கினது தனிக்கதை, அதை விடுங்க. ஆனா ஒரு கேள்வி மட்டும் மண்டைக்குள்ள உக்காந்துக்கிச்சு. நானே ஆரம்பிச்ச வேலையை என்னால ஏன் நிறுத்த முடியலை? ஒரே ஒரு சர்வர்லயே இந்தப் பாடுன்னா, ஒரு டேட்டாபேஸ் பத்துப் பதினஞ்சு பொட்டியில பரவிக் கிடக்கிற இந்தக் காலத்துல என்ன ஆகும்? தேடிப் பார்த்தா, இதுக்குப் பின்னாடி அறுபது வருஷ வரலாறு இருக்கு.

அட்டைக் காலம்

ஆரம்பத்துல 'நிறுத்து' பொத்தான் புரோகிராம் எழுதினவர் கையிலேயே இல்லை. துளை போட்ட அட்டைக் கட்டை ஆப்பரேட்டர்கிட்ட கொடுத்துட்டு வந்துடணும். மிஷின் பக்கத்துலயே போக முடியாது. 1964-ல் ஐபிஎம் அறிவிச்ச சிஸ்டம்/360 வரிசையோட ஆபரேட்டிங் சிஸ்டத்துல, வேலையை அனுப்பும்போதே அதுக்கு எவ்வளவு நேரம்னு அட்டையிலேயே குறிச்சுக் கொடுக்கலாம். அதைத் தாண்டினா மிஷினே வேலையைத் தூக்கி வெளியே போட்டு 322-ன்னு ஒரு எண்ணைக் கொடுக்கும். மெயின்பிரேம்ல குப்பை கொட்டின பெருசுங்ககிட்ட "322"-ன்னு சொல்லிப் பாருங்க, முகம் மாறும். ஆக, நிறுத்துறதுங்கிறது அப்போ முன்கூட்டியே பேசி முடிச்ச ஒப்பந்தம்.

நடுவுலயே நிறுத்துற ஆசை வந்தது, ஒரு மிஷினைப் பல பேர் பங்கு போட்டுக்க ஆரம்பிச்ச பிறகுதான். 1961 நவம்பர்ல எம்ஐடி-யில் பெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவர் குழுவும் சிடிஎஸ்எஸ்-ங்கிற சிஸ்டத்தைச் செஞ்சு காட்டினாங்க. ஆள் ஆளுக்கு ஒரு டெர்மினல், எல்லாருக்கும் ஒரே மிஷின். டெர்மினல் முன்னாடி மனுஷன் உக்காந்துட்டா பொறுமை போயிடும் இல்லையா? போதும் நிறுத்துன்னு சொல்ல ஒரு வழி தேவைப்பட்டுது.

1970-களில் வளர்ந்த யூனிக்ஸ்ல இதுக்கு 'சிக்னல்'னு பேர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். இந்தக் கதைக்கு ரெண்டு போதும். 2-ம் நம்பர், நாம இப்போ கன்ட்ரோல் சி அடிச்சா போறது. புரோகிராம் அதைக் கேட்டுட்டு, பாதியில இருக்கிறதை ஒழுங்கு பண்ணிட்டு நிக்கலாம், கண்டுக்காமலும் இருக்கலாம். 9-ம் நம்பர் புரோகிராமைக் கேட்கவே கேட்காது, அப்படியே ஆளைக் காலி பண்ணிடும். 2 கதவைத் தட்டுறது, 9 கதவை உடைக்கிறது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வரும்.

சின்ன வரி, பெரிய வேலை

இங்க ஒரு திருப்பம். 1970-ல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், தகவல்களை டேபிள்களா வச்சுக்கிற முறையைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். 1974-ல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதுக்கு ஒரு மொழி கொடுத்தாங்க. அதுதான் இன்னிக்கு எஸ்க்யூஎல்னு நிக்குது. அதோட அழகே, என்ன வேணும்னு சொன்னா போதும், எப்படி எடுக்கணும்னு டேட்டாபேஸே பார்த்துக்கும்.

ஆனா அதுலயே ஒரு வினையும் இருக்கு. அதுக்கு முன்னாடி புரோகிராம் எழுதினவர் தன் கையாலேயே லூப் போட்டார். எத்தனை தடவை சுத்தும்னு ஓரளவு தெரியும். எஸ்க்யூஎல்ல எழுதுறது ரெண்டே வரி. உள்ள எவ்வளவு வேலைன்னு எழுதினவருக்கே தெரியாது. லட்சம் வரிசை இருக்கிற ரெண்டு டேபிளை நிபந்தனை இல்லாம சேர்த்தா, 1,00,000 பெருக்கல் 1,00,000, அதாவது 1000 கோடி வரிசை. நான் அன்னிக்குச் செஞ்சது அதேதான், அதுவும் நாலு தடவை.

ரெண்டாவது கதவு

இப்போ போஸ்ட்கிரஸ் கதைக்கு வருவோம். 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்துல மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில ஆரம்பிச்ச திட்டம். 1996-ல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்னு பேர் மாறி இன்னிக்கு வரைக்கும் ஓடுது. அதுல ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் சர்வர்ல ஒரு தனி ப்ராசஸ் வேலை செய்யும். நம்ம குவெரியை வாங்கினதும் அந்த ஆள் தலையைக் குனிஞ்சு வேலையில இறங்கிடுவார். முடியுற வரைக்கும் லைன்ல நாம என்ன பேசினாலும் காதுல விழாது.

அப்போ எப்படித்தான் நிறுத்துறது? 1998-ல் வந்த 6.4 பதிப்போட வழிமுறைதான் அடிப்படையில இன்னிக்கும் இருக்கு. முதல்ல கனெக்ட் ஆகும்போதே சர்வர் நம்மகிட்ட ரெண்டு எண் கொடுக்கும். ஒண்ணு ப்ராசஸ் நம்பர், இன்னொண்ணு ரகசியச் சாவி. நிறுத்தணும்னா புதுசா இன்னொரு கனெக்ஷன் திறந்து, யூசர் பேர் பாஸ்வேர்ட் எதுவும் இல்லாம, அந்த ரெண்டு எண்ணையும் 80877102-ங்கிற ஒரு குறியீட்டையும் அனுப்பணும். இந்தக் குறியீடு என்ன கணக்குன்னு பார்த்தா, மேல் பாதி 1234, கீழ்ப் பாதி 5678! அதை வாங்கின சர்வர் சாவி சரியான்னு பார்த்துட்டு, வேலை செய்யுற ஆளுக்கு சிக்னல் 2 அனுப்பும். கவனிங்க, 9 இல்லை, 2. அனுப்பினேன், அனுப்பலைன்னு நமக்கு ஒரு பதிலும் வராது. லைன் அப்படியே துண்டிக்கப்படும்.

சிக்னல் வாங்கின ஆளும் உடனே நிறுத்த மாட்டார். 'யாரோ நிறுத்தச் சொன்னாங்க'ன்னு ஒரு குறிப்பை மட்டும் எழுதி வச்சுக்குவார். போஸ்ட்கிரஸ் கோடு முழுக்க அங்கங்க, "நிறுத்தச் சொல்லியிருக்காங்களா?"ன்னு பார்க்கிற இடங்கள் இருக்கு. நிறுத்தினா எதுவும் கெடாதுன்னு எழுதினவங்க தேர்ந்தெடுத்து வச்ச இடங்கள் அவை. அங்க வந்ததும்தான் நிற்பார்.

நான் அடிச்ச 9 ஏன் ஊரையே சாய்ச்சதுன்னும் இப்போ புரிஞ்சுது. அந்த ப்ராசஸ்கள் எல்லாம் ஒரே நினைவகத்தைப் பங்கு போட்டுக்கிறவை. ஒருத்தர் எழுதிக்கிட்டு இருக்கும்போதே பொட்டுன்னு போயிட்டா, பாதி எழுதினதை விட்டுட்டுப் போயிருக்கலாம். அதனால தலைமை ப்ராசஸ் யாரையும் நம்பாது. எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, பதிவேட்டைப் பார்த்து முதல்ல இருந்து சரி பண்ணிட்டுத்தான் கடையைத் திறக்கும். வரிசையில நின்ன சனம் பட்ட பாட்டுக்கு முழுக் காரணம் என் அவசரம்தான்.

அதே 1998-ல் ஜாவாக்காரங்களும் இதே பாடத்தைப் படிச்சாங்க. ஒரு திரெட்டை வெளியே இருந்து நிறுத்துற 'ஸ்டாப்' கட்டளையை இனிமே பயன்படுத்தாதீங்கன்னு அறிவிச்சாங்க. நிறுத்தப்பட்ட திரெட் பூட்டை எல்லாம் திறந்து விட்டுட்டுப் போயிடும், பாதி மாத்தின தகவல் அப்படியே மத்தவங்க கண்ணுல படும்ங்கிறதுதான் காரணம். 2023-ல் வந்த ஜாவா 20-ல் அதைக் கூப்பிட்டா பிழைதான் வரும்.

2002-ல் போஸ்ட்கிரஸ் 7.3 பதிப்புல குவெரிக்கு நேர வரம்பு வைக்கிற வசதி வந்தது. 1964 அட்டையே புது சட்டை போட்டுட்டு வந்த மாதிரிதான்! ஜன்னலை மூடினாலும் சர்வருக்குத் தெரியலைங்கிற குறைக்கு மருந்து வர 2021 ஆச்சு. 14-ம் பதிப்புல, குவெரி ஓடும்போதே எதிர்முனையில ஆள் இருக்காரான்னு அப்பப்போ பார்க்கிற வசதி வச்சாங்க. நாமளா ஆன் பண்ணாத வரைக்கும் அது ஓடாது. இன்னொரு கூத்து, கனெக்ஷன் முழுக்க என்கிரிப்ட் ஆகியிருந்தாலும் நிறுத்தச் சொல்ற அந்த ரகசியச் சாவி மட்டும் ரொம்ப காலம் திறந்த தபால் கார்டு மாதிரி போய்க்கிட்டு இருந்தது. போஸ்ட்கிரஸோட சொந்த சி நூலகத்துல அதை மூடி அனுப்புற வசதி 2024-ல் 17-ம் பதிப்போடதான் வந்தது.

அநாதைகள்

இதுவரைக்கும் எல்லாமே ஒரே பொட்டிக்குள்ள. இனி பல பொட்டி.

ஒரு மிஷின் இன்னொரு மிஷின்கிட்ட வேலையைக் கொடுத்துட்டு, தான் செத்துப் போயிட்டா அந்த வேலை என்ன ஆகும்? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல புரூஸ் ஜே நெல்சன் 1981-ல் எழுதின ஆய்வேட்டுல இதை அலசியிருக்கார். தொலைவில் இருக்கிற மிஷின்ல ஒரு செயலைக் கூப்பிடுறது எப்படிங்கிறதுதான் அந்த ஆய்வு. கேட்டவர் போன பிறகும் ஓடிக்கிட்டு இருக்கிற வேலைக்கு அவர் வச்ச பேர், 'அநாதை'. பதிலை வாங்கிக்க ஆள் இல்லை. ஆனா மிஷினைத் தின்னுக்கிட்டு, பூட்டுகளைப் பிடிச்சுக்கிட்டு ஓடுது. அது இன்னொரு மிஷினுக்கும் வேலை கொடுத்திருந்தா, அங்க பேரப்பிள்ளை அநாதைகளும் உண்டு.

தீர்வா அவர் சொன்ன வழிகள் நாலு. ஒண்ணு, யார் யாருக்கு வேலை கொடுத்தோம்னு முன்னாடியே எழுதி வச்சுக்கிட்டு, திரும்ப உயிர் வந்ததும் தேடிப் போய் நிறுத்துறது. ரெண்டு, திரும்ப வந்ததும் 'புது யுகம் ஆரம்பிச்சாச்சு'ன்னு ஊருக்கே தண்டோரா போடுறது. பழைய யுகத்து வேலை எல்லாம் காலி. மூணு, அதுலயே கொஞ்சம் மென்மையானது. தண்டோரா கேட்டதும் ஒவ்வொரு மிஷினும் தன் வேலையோட சொந்தக்காரரைத் தேடிப் பார்த்துட்டு, கிடைக்கலைன்னா மட்டும் நிறுத்துறது. நாலு, தவணை முறை. ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம்தான், போதலைன்னா திரும்பக் கேட்டு வாங்கிக்கணும், கேட்க ஆள் இல்லைன்னா தானா முடிஞ்சிடும்.

நாலுலயும் குறை இருக்கு. நெட்வொர்க் நடுவுல அறுந்திருந்தா தண்டோரா போய்ச் சேராது. தவணை சின்னதா இருந்தா நல்ல வேலையும் சாகும், பெருசா இருந்தா அநாதை நீண்ட நாள் வாழும். ஆனாலும் இன்னிக்கு வரைக்கும் நாம சுத்திச் சுத்தி வர்றது இந்த நாலைத்தான்.

இதுல இன்னொரு சிக்கலும் உண்டு. 1978-ல் ஜிம் கிரே விளக்கி எழுதின இரண்டு கட்ட கமிட் முறையில, மாத்தத்தை உறுதி செய்யுறதுக்கு முன்னாடி எல்லா மிஷின்கிட்டயும் ஒரு ஓட்டு வாங்குவாங்க. 'சரி'ன்னு ஓட்டுப் போட்ட மிஷின், அதுக்கப்புறம் தானா பின்வாங்க முடியாது. தலைமை என்ன முடிவு பண்ணுச்சுன்னு தெரியுற வரைக்கும் பூட்டைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். நிறுத்துறதுக்கும் ஒரு காலம் இருக்கு, அது தாண்டிட்டா தாண்டினதுதான்.

கரப்பான் பூச்சியும் அதன் குவெரியும்

இப்போ 2017-க்கு ஒரே தாவு. கூகுள் தன் ஸ்பானர் டேட்டாபேஸைப் பத்தி 2012-ல் வெளியிட்ட கட்டுரையைப் பார்த்து, வெளியே சில பேருக்கு அதே மாதிரி செய்யணும்னு ஆசை வந்தது. அதுல ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும் முக்கியமானவங்க. மாணவர்களா இருந்தப்போ கிம்ப் மென்பொருளை எழுதின அதே ஜோடி. பென் டார்னெல்லோட சேர்ந்து 2015-ல் கம்பெனி ஆரம்பிச்சாங்க. டேட்டாபேஸுக்கு வச்ச பேர் காக்ரோச்டிபி. எந்த மிஷின் செத்தாலும் கரப்பான் பூச்சி மாதிரி பிழைச்சுக் கிடக்கும்னு அர்த்தம்.

பிழைக்கத் தெரிஞ்ச பூச்சிக்கு நிறுத்தத் தெரியலை! 2017 மே மாசம் வந்த 1.0 பதிப்புல, ஓடுற குவெரியை நிறுத்தக் கட்டளை கிடையாது. அதே வருஷம் அக்டோபர்ல வந்த 1.1-ல்தான் 'கேன்சல் குவெரி' சேர்ந்தது.

ஏன் கஷ்டம்னா, அங்க ஒரு குவெரி முதல்ல ஏதோ ஒரு மிஷினுக்குப் போகும். அது திட்டம் போட்டு, தகவல் எங்கெங்க இருக்கோ அந்த மிஷின்களுக்கெல்லாம் வேலையைப் பிரிச்சுக் கொடுக்கும். நிறுத்தச் சொல்றவர் வேற ஏதோ மிஷின்ல உக்காந்திருப்பார். யாரைப் பிடிச்சு யாரை நிறுத்துறது?

முதல் பாதிக்கு அவங்க செஞ்ச வேலை ரொம்ப எளிமை. ஒவ்வொரு குவெரிக்கும் கொடுக்கிற அடையாள எண்ணுக்குள்ளயே, எந்த மிஷின்ல அது ஆரம்பிச்சுதுங்கிறதையும் புதைச்சு வச்சாங்க. அதனால எந்த மிஷின்கிட்ட 'நிறுத்து'ன்னு சொன்னாலும், அது எண்ணைப் படிச்சுப் பார்த்துட்டுச் சரியான வீட்டுக்குத் தபாலைத் தள்ளி விட்டுடும்.

ரெண்டாவது பாதி, கிளைகளை நிறுத்துறது. காக்ரோச்டிபி கோ மொழியில எழுதினது. கோ மொழியில ஒரு கோருட்டீனை வெளியே இருந்து கொல்ல வழியே வைக்கலை. அதுக்குப் பதிலா 'கான்டெக்ஸ்ட்'னு ஒரு ஏற்பாடு. 2014-ல் கூகுள்காரங்க வெளியே சொல்லி, 2016-ல் கோ 1.7-ல் மொழியோட சேர்ந்தே வந்தது. மேல இருக்கிறவர் ரத்துன்னு சொன்னா, அந்தச் சேதி கிளை கிளையா கீழ வரைக்கும் இறங்கும். மிஷின் விட்டு மிஷின் போற அழைப்புகளிலும் ஜிஆர்பிசி வழியா அது கூடவே பயணம் பண்ணும். ஆனா சேதி வந்திருக்கான்னு வேலை செய்யுறவர்தான் பார்க்கணும். வரிசைகளைப் படிச்சுக்கிட்டே போற லூப்ல ஒவ்வொரு வரிசைக்கும் பார்த்தா வேகம் குறையும், பார்க்கவே இல்லைன்னா நிற்காது. அதனால 1024 வரிசைக்கு ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி வச்சாங்க.

இதுக்கப்புறமும் ஒரு மிச்சம். காக்ரோச்டிபி பேசுறது போஸ்ட்கிரஸ் பாஷை. அந்த 1998 வழிமுறைப்படி நிறுத்தச் சொல்ற சேதி புது கனெக்ஷன்ல வரும் இல்லையா? முன்னாடி லோடு பேலன்சர் இருந்தா அது எந்த மிஷினுக்குப் போய்ச் சேரும்னே சொல்ல முடியாது. 2022-ல் 22.1 பதிப்புலதான் இதைச் சரி பண்ணாங்க. அதே தந்திரம்தான், ப்ராசஸ் நம்பருக்கும் ரகசியச் சாவிக்கும் இருந்த 64 பிட்டுக்குள்ளயே மிஷின் எண்ணையும் ஒளிச்சு வச்சாங்க.

கடைசியா

அறுபது வருஷத்தையும் திருப்பிப் பார்த்தா எனக்குத் தெரியுறது ஒண்ணுதான். நிறுத்துங்கிறது உத்தரவு இல்லை, வேண்டுகோள். அது பலிக்கணும்னா, வேலை செய்யுறவர் நடுநடுவுல தலையைத் தூக்கி 'போதுமா?'ன்னு கேட்கிற மாதிரி முன்னாடியே எழுதி வச்சிருக்கணும். அப்படி எழுதாத இடத்துல 9-தான் மிச்சம், 9-க்கு விலை எப்பவுமே பக்கத்துல இருக்கிறவங்கதான் கொடுக்கிறாங்க. அன்னிக்கு எனக்குப் பதிலா விலை கொடுத்தது, மாசக் கடைசியில கையில பையோட வரிசையில நின்ன, எஸ்க்யூஎல்னா என்னன்னே தெரியாத சனம்.

இப்பல்லாம் நான் எந்தக் குவெரி ஓட்டுறதுக்கு முன்னாடியும் நேர வரம்பு வச்சிடுறேன். சுத்திக்கிட்டே இருந்தா ஜன்னலை மூடுறது இல்லை. சர்வர்ல என்ன ஓடுதுன்னு பட்டியல் எடுத்துப் பார்த்துட்டு, முறைப்படி நிறுத்தச் சொல்லிட்டு, நின்னுச்சான்னு இன்னொரு தடவை பட்டியலைப் பார்க்கிறேன். அந்த அண்ணனுக்கு நான் கொடுக்கிற குருதட்சணை அம்புட்டுதேன்.

நீங்க நிறுத்த முடியாம தவிச்ச குவெரி ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, சேர்ந்து அழலாம்.

டிஸ்கி: இந்தப் பதிவு எழுதுறப்போ எந்தக் குவெரியும் கொல்லப்படவில்லை. ரெண்டு மட்டும் மரியாதையாக் கேட்டுக்கிட்டதால நின்னுச்சு :-)